எழுத்தை மூடும் அட்டை

இளந்தளிர் எழுத்தறிவு மன்றம் என்று ஒன்று சிராங்கூன் ரோட்டில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. தலைவர் ஒருவர், துணைத்தலைவர் மூவர், செயலாளர் ஒருவர், மின்விசிறி ஒன்று. இதில் வேலை செய்தது மின்விசிறி. அதையும் தலைவர் பேசும்போது சத்தம் போடுகிறது என்று நிறுத்திவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் இந்த மன்றத்துக்கு ஒரு கவலை வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் எழுத்தைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது, எந்தப் பிள்ளை பயந்தது என்றெல்லாம் கேட்கக்கூடாது. கவலை வந்துவிட்டால் கூட்டம் போட வேண்டும். போட்டார்கள். வடை வந்தது, டீ வந்தது, கடைசியில் வழியும் வந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் தலைவர் அம்பிகைபாகன். அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ரிட்டயரானவர். குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குவீட்டில் குடியிருந்தார். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க, வந்த கடுதாசி எதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாகப் பெருமையாகச் சொல்லுவார். பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தர இதைவிட என்ன தகுதி வேண்டும்?

"குழந்தைக்குப் படத்தைக் காட்டுவோம். பாட்டைக் கொடுப்போம். எழுத்து அதன் பின்னால் பணிவோடு தானே வந்து நிற்கும்" என்றார்.

எழுத்து அப்படி யாருக்கும் பணிந்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சரி, அது போகட்டும்.

பன்னிரண்டு பாட்டு. எல்லாம் தலைவரே எழுதினார். முதல் பாட்டு குடையைப் பற்றியது:

குடையை விரி, குடையை விரி,
மழை வருது, குடையை விரி;
காற்றடித்தால் குடை பறக்கும்,
கையை விட்டால் அது சிரிக்கும்.

கடைசிப் பாட்டு கப்பல்:

கப்பல் வருது கரையோரம்,
கரும்புகை போகுது வெகுதூரம்;
தொப்பிக் காரன் மேல்தளத்தில்
துடைப்பம் பிடிக்கும் அதிகாரம்.

அந்தக் கடைசி வரியைத் தலைவர் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். ஒரு துணைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புத்தகத்துக்குப் 'பாட்டுத் தளிர்' என்று பேர் வைத்தார்கள். பாட்டை அச்சடித்தது ஒரு தமிழ் அச்சகம். கலர்ப் படம் அடித்தது மிடில் ரோட்டில் ஒரு சீனர் அச்சகம். பாட்டுக்கு எதிர்ப்பக்கம் வெற்றிடம் விட்டிருந்தது. அதில் படத்தை ஒட்டித் தைத்துக் கொடுக்கும் வேலை, பாக்தாத் ஸ்திரீட்டில் அஹமது கபீர் என்பவருடைய பைண்டிங் கடைக்குப் போனது. அந்தக் கடையில் பைண்டர் சாகுல் ஹமீது.

சாகுல் ஹமீது கடையநல்லூர்க்காரர். மீசை முளைக்காத வயசில் கப்பலேறி வந்தவர். கொஞ்சம் பயந்த ஆள். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றினால்கூட மற்றவர் செருப்பை மிதித்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்ப்பார். ஓதப் படித்திருந்தார். மலாயை அரபு எழுத்தில் எழுதுகிற ஜாவியும் தட்டுத்தடுமாறி வரும். தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் கையில் வந்ததெல்லாம் ஜாவியில் அடித்த மலாய்க் கிதாபுகள். அந்தப் புத்தகங்கள் வலது பக்கம் தொடங்கி இடது பக்கம் முடியும். உலகத்தில் எல்லாப் புத்தகமும் அப்படித்தான் திறக்கும் என்று அவர் கை முடிவு பண்ணியிருந்தது.

படங்கள் அடுக்காக வந்தன. மேலே குடை, அடியில் கப்பல். படத்தில் நம்பர் இல்லை. நம்பர் போட்டால் குழந்தை மிரளும் என்று தலைவர் வேண்டாம் என்றிருந்தார். பாட்டுப் பக்கத்தில் நம்பர் இருந்தது. அதையும் பழைய தமிழ் இலக்கத்தில்தான் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தார். தமிழர் நிறைந்த தேக்கா முழுக்கத் தேடினாலும் அந்த இலக்கம் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். சாகுல் ஹமீது அதை ஏதோ பூ வேலை என்று நினைத்துக்கொண்டார். புத்தகத்தை எடுத்தார், பழக்கப்படி வலது கைப்பக்கம் புரட்டினார், முதல் படத்தை ஒட்டினார். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. ஒரு சுருக்கம் விழவில்லை.

குடைப் படம் கப்பல் பாட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்தது. கப்பல் படம் குடைப் பாட்டுக்கு எதிரே. நடுவில் சேவலும் பூசணிக்காயும் இடம் மாறிக்கொண்டன. எல்லாப் பிரதியிலும் அப்படித்தான்.

கபீர் முதலாளி எடுத்துப் பார்த்தார். ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்த்தார், விடவில்லை. வெளியீட்டு விழாவில் தலைவர் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கி அட்டையைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அட்டையைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட எந்த டீச்சராவது கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார். மன்றம் விடவில்லை. அடுத்த வாரமே கபீர் கடைக்கு இன்னொரு ஆர்டர் வந்தது. பாட்டு அச்சான பக்கத்தை அப்படியே மூடுகிற அளவுக்குக் கெட்டி அட்டை வெட்டித் தரவேண்டும்.

"எதுக்கு முதலாளி இது?" என்று சாகுல் ஹமீது கேட்டார்.

"எழுத்தை மூட."

"படிக்கிற புத்தகம்தானே?"

"ஆமா."

"அப்ப எழுத்தை மூடிட்டா?"

"உனக்கு எதுக்கு லா அதெல்லாம்? வெட்டு."

வெட்டினார். அதற்கு மறைப்பட்டை என்று பேர். பாடம் நடக்கும்போது பாட்டின்மேல் அதை வைத்து மூடிவிடவேண்டும். பிள்ளை படத்தை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். டீச்சர்கள்கூட எடுத்துப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. இதை விளக்கவும் பாட்டைப் பாடிக் காட்டவும் தலைவர் பள்ளிப் பள்ளியாகப் போனார். செம்பவாங் கடற்படைத் தளம்வரை போனார்.

"எழுத்தறிவுக்கு இன்று பெரும் தடையாக இருப்பது எழுத்து. அந்தத் தடையை நாங்கள் மூடிவிட்டோம்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகளின் சிலேட்டுகளை வாங்கி அலமாரியில் போட்டுப் பூட்டிச் சாவியை மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சாகுல் ஹமீது டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் இருந்தார். கீழே பின்கட்டில் பூவம்மா என்று ஒரு பெண்பிள்ளையும் அவள் மகள் சந்திரமதியும். பூவம்மா சினிமாக் கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்றாள். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, எல்லாம் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் போட்டுக் கொடுப்பது. புருஷன் செம்பவாங் கப்பல் டாக்கில் வேலை பார்த்துச் செத்துப்போனவன். சந்திரமதி பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்பு.

பாட்டு அடித்த தாளில் மை அப்பியது, ஓரம் கிழிந்தது என்று ஒரு கட்டுத் தாள் கடையில் கழிந்து கிடந்தது. படம் ஒட்டாத வெறும் எழுத்துத் தாள். சுருட்ட ஆகுமே என்று சாகுல் ஹமீது அதைக் கட்டித் தூக்கிவந்து பூவம்மாவிடம் கொடுத்தார்.

சிலேட்டைப் பிடுங்குவதற்கு முன்னால் தன் வகுப்பு யோகம் டீச்சரிடம் எழுத்துக் கற்ற பிள்ளை சந்திரமதி. சுருட்டச் சொன்னால் தாளை விரித்து வைத்து விரலால் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருப்பாள்.

"கை-யை... விட்-டால்... அது... சிரிக்-கும். மாமா, குடை எப்படிச் சிரிக்கும்?"

"எனக்கென்ன தெரியும் புள்ளே? எழுதினவரைத்தான் கேக்கணும்."

"பாருங்க பாய்" என்பாள் பூவம்மா. "ஒரு காகிதத்தை எடுத்தா முழுக்கப் படிச்சுட்டுத்தான் சுருட்டுறா. அதுக்குள்ள படம் விட்டு ஆளுங்கள்லாம் பஸ் ஏறிடுறாங்க."

திட்டுவதுபோல் திட்டுவாள். ஆனால் ஒருநாளும் காகிதத்தைப் பிடுங்கினதில்லை.

வருஷக் கடைசியில் பரீட்சை வந்தது. பரீட்சை அன்று மட்டும் மறைப்பட்டையை எடுத்துவிடுவார்கள். சும்மா எடுக்கவில்லை. துணைத்தலைவர் ஒருவர் ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் எடுத்துத் தாம்பாளத்தில் வைக்க, இன்னொருவர் அதைச் சுமந்துகொண்டு வெளியே போனார். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து 'வாசித்தார்கள்'. எதிரே உட்கார்ந்தவர் படத்தைப் பார்ப்பார், பாட்டைக் கேட்பார், சரி போடுவார். ஒரு பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வாசித்தது. கஷ்டமான வேலை என்று அதற்கு மார்க்கைக் கூட்டிப் போட்டார்கள். இன்னொரு பிள்ளை புத்தகத்தைத் திறப்பதற்குள் முழுசையும் வாசித்து முடித்துவிட்டது. அதற்குப் பரிசு என்று குறித்துக்கொண்டார்கள்.

சந்திரமதி உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் கப்பல் படம். விரலை எழுத்தின்மேல் வைத்தாள்.

"குடையை விரி, குடையை விரி..."

"என்ன படம் அது?"

"கப்பல்."

"அப்போ?"

"குடையை விரின்னு போட்டிருக்கு சார்."

பன்னிரண்டு பக்கமும் இதே கதை. பூசணிக்காயைப் பார்த்துச் சேவல் என்றாள். குடையைப் பார்த்துக் கப்பல் என்றாள். முட்டை மார்க். ஊர் முழுக்கத் தேறாமல் போன பிள்ளை இவள் ஒருத்திதான். மன்றத்தில் அதற்கு ஒரு நோயின் பேரே வைத்தார்கள்: எழுத்துச் சிக்கல். இப்படிப்பட்ட பிள்ளை மற்றப் பிள்ளைகளையும் கெடுத்துவிடும், பள்ளிக்கூடத்தில் இவள் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

அன்று சாயந்திரம் சாகுல் ஹமீது வேலை முடிந்து வரும்போது பூவம்மா வாசலில் பட்டாணி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளை பேரை எடுத்துடுறாங்களாம் பாய். மூளை பத்தலையாம்."

"யாருக்கு, இவளுக்கா?"

"கடைக்குக் கை உதவியாச்சு, விடுங்க. அவ அப்பன் டாக்ல கடைசிவரைக்கும் கைநாட்டுத்தான். இவளாச்சும் கையெழுத்துப் போடுவான்னு..." முறத்தை வேகமாகத் தட்டினாள். பட்டாணி சிதறியது. குனிந்து பொறுக்கினாள்.

சந்திரமதி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ளே படிச்சே?"

"இருந்ததைத்தான் மாமா படிச்சேன். கப்பல் படத்துக்குப் பக்கத்துல குடைன்னு இருந்துச்சு. குடைப் படத்துக்குப் பக்கத்துல கப்பல்னு இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

சாகுல் ஹமீது மாடி ஏறவில்லை. திரும்பிப் பாக்தாத் ஸ்திரீட்டுக்கே நடந்தார். கடையில் மிச்சமிருந்த ஒரு பிரதியை எடுத்தார். பழக்கப்படி வலது பக்கம் திறந்தார். குடைப் படம். சரியாகத்தானே இருக்கிறது என்று ஒரு மூச்சு விட்டார். பிறகு தமிழாட்கள் எப்படிப் புத்தகம் திறப்பார்கள் என்று யோசித்தார். இடது பக்கம் திறந்தார்.

கப்பல்.

அந்தக் கையை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு கையையும் போட்டுக்கொண்டார். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கபீர் முதலாளியிடம் சொன்னார்.

"யாருக்காவது தெரியுமா?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியும்."

"அப்ப யாருக்கும் தெரியாது. போய்ச் சாப்பிடு."

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கீழே கடலை வறுக்கிற வாசனை வந்துகொண்டே இருந்தது. மறுநாள் முதலாளியிடம் சொல்லாமல் மன்றத்துக்குப் போனார். தலைவர், துணைத்தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பரிசளிப்பு விழாவுக்கு யாருக்கு எந்த நாற்காலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான் பைண்டர். படத்தையெல்லாம் மாத்தி ஒட்டிட்டேன். குத்தம் என்னுது. அந்தப் பொம்பளைப் புள்ளை சரியாத்தான் படிச்சிருக்கு" என்று நின்றபடியே சொன்னார்.

தலைவர் கோபப்படவில்லை. பெரிய ஆபீசில் இருந்தவர்கள் சீக்கிரம் கோபப்படமாட்டார்கள்.

"எத்தனை பிள்ளைகள் தேறினார்கள்?" என்று செயலாளரைக் கேட்டார்.

"ஒருத்தியைத் தவிர எல்லோரும்."

"கேட்டீரா? புத்தகம் பிழை என்றால் இத்தனை பிள்ளைகள் எப்படித் தேறினார்கள்?"

சாகுல் ஹமீது மேசைக்குக் கிட்ட ஓர் எட்டு வைத்தார்.

"அவங்க பாடினாங்க ஐயா. இந்தப் புள்ளைதான் படிச்சுது."

"பரீட்சையில் படிக்கச் சொன்னது யார்?"

துணைத்தலைவர்கள் தலையாட்டினார்கள். நல்ல கேள்வி என்று ஒருவர் சொன்னார்.

"ஐயா, தயவு பண்ணி நீங்களே ஒருதடவை திறந்து படிங்க." சாகுல் ஹமீது கொண்டுபோன பிரதியை மேசைமேல் வைத்தார்.

தலைவர் முதல் பக்கத்தைத் திறந்தார். கப்பல் படத்தைப் பார்த்தார். மோவாயை நிமிர்த்தினார். கப்பல் வருது கரையோரம் என்று தொடங்கி, துடைப்பம் பிடிக்கும் அதிகாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு முடித்தார். பக்கத்தில் இருந்தது குடைப் பாட்டு. அவரே எழுதின பாட்டு.

"எங்கே பிழை?" என்றார்.

புத்தகம் அடுத்த ஆளிடம் போனது. அவரும் கப்பலைப் பாடினார். அதற்கு அடுத்தவரும் பாடினார். மூன்றாவது துணைத்தலைவர் மன்றத்துக்குப் புதுசு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"குடையை..." என்று தொடங்கினார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டித் தலைப்பில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "கப்பல் வருது கரையோரம்" என்று பாடி முடித்துப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"எல்லாப் புத்தகத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க ஐயா. நான் சும்மாவே பிரிச்சு ஒட்டித் தர்றேன். கூலி வேணாம். அந்தப் புள்ளையை மட்டும் பள்ளிக்கூடத்துல வச்சுக்குங்க."

"படத்தை மாற்றினால் தேறிய பிள்ளைகள் எல்லோரும் தேறாதவர்கள் ஆகிவிடுவார்களே! ஒருத்திக்காக ஊரையே முட்டாளாக்கச் சொல்கிறீரா?" என்றார் தலைவர்.

செயலாளர் மின்விசிறியைப் போட்டார். போகலாம் என்று அர்த்தம்.

படிக்கட்டில் யோகம் டீச்சர் நின்றிருந்தார். மறைப்பட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு, கையில் கட்டுக் கட்டாக அட்டை. உள்ளே பேசினதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"நீங்கள் சொன்னது சரி. நான் முதல் கிழமையே கண்டனான்" என்றார்.

"கண்டுட்டு ஏன் டீச்சர் சொல்லலே?"

"அட்டையை எடுத்துப் பார்த்தது ஏன் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? வேலை போயிடும். என்ர வகுப்பில வாசிக்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் முட்டை போட விட்டிட்டு நிண்டனான்." அட்டைக் கட்டைக் கை மாற்றிக்கொண்டார். "பரிசளிப்பு விழாவில அவளுக்கு மறுபரீட்சை வைக்கினம். தங்கட முறை எந்த மந்தத்தையும் குணமாக்கும் எண்டு சனத்துக்குக் காட்ட. பிள்ளை எழுத்தைப் பாராமல் இருந்தால் போதும், தேறிடுவாள்."

"பார்க்காம எப்படி டீச்சர் இருப்பா? அவளுக்குத்தான் தெரியுமே."

"பாராமல் இருக்கப் பழக்கோணும். எழுத்துக் குடுத்த வாயால அதை நான் சொல்ல மாட்டன். எனக்கு ஏலாது. நீங்கள் சொல்லிக் குடுங்கோ."

படி ஏறிப் போய்விட்டார். படித்தவர்கள் இந்த மாதிரி வேலையை எப்போதும் நம்மிடம்தான் கொடுப்பார்கள்.

சாகுல் ஹமீது சொல்லிக் கொடுத்தார். வேலை முடிந்து வந்து பின்கட்டில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, எழுத்துப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

"என்ன படம்?"

"கப்பல்."

"அப்ப கப்பல் பாட்டைப் பாடு."

"குடைன்னு இருக்கே மாமா, கைக்கு அடியில."

"இருந்துட்டுப் போவுது."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்லே புள்ளே, பாட்டு. பாட்டுல பொய் உண்டா?"

அவள் பாடுவாள். கையை எடுத்தால் கண் கீழே போய்விடும், எழுத்தில் போய் நிற்கும். திரும்பக் கையை வைப்பார். அந்தக் கையில் பசை நாற்றம் இருந்தது. சந்திரமதி மூக்கைச் சுளிப்பாள். பூவம்மா அடுப்பில் மணலைப் போட்டுக் கடலை வறுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"படிக்கக் கத்துக்கட்டும்னு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன் பாய். படிக்காம இருக்கக் கத்துக்குடுக்க நீங்க வந்திருக்கீங்க."

"பேரை எடுத்துடுவாங்களேம்மா."

"அதான் நானும் பேசாம இருக்கேன்."

ஒருநாள் அவர் கையை எடுத்தார். பிள்ளையின் கண் படத்தைவிட்டு அசையவில்லை. பன்னிரண்டும் படத்தைப் பார்த்தே பாடினாள். சாகுல் ஹமீது பாராட்டவேண்டும் என்று வாயைத் திறந்தார். எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

விழாவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைப்பாகை, தொப்பி, சால்வை. தலைவர் பேசினார்.

"இன்று நம் பிள்ளைகளில் ஒருவர்கூட எழுத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. காரணம், ஒருவரும் எழுத்தைப் பார்ப்பதில்லை! அச்சத்தின் வேரையே கெல்லி எறிந்துவிட்டோம். எஞ்சியிருப்பவள் ஒரே ஒரு சிறுமி. இந்த மேடையில் அவளையும் மீட்போம்."

சந்திரமதியை மேடைக்கு ஏற்றினார்கள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, பூவம்மா தைத்த புதுப் பாவாடை. மேசைமேல் புத்தகம். தலைவரே முதல் பக்கத்தைத் திறந்தார்.

கண் கீழே போனது. சாகுல் ஹமீது பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளையின் உதடு குவிந்தது. "கு..."

பூவம்மா பக்கத்தில் நின்று முந்தானையைப் பல்லில் கடித்தாள். சாகுல் ஹமீது தன்னை அறியாமல் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காற்றில் கவிழ்த்துப் பிடித்தார், புத்தகத்தை மூடுவதுபோல. சந்திரமதி அதைக் கண்டாள். அவள் கண் மேலே ஏறியது.

"கப்பல் வருது கரையோரம்..."

நிறுத்தாமல் பன்னிரண்டும் பாடினாள். அதிகாரம் என்ற இடத்தில் முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சந்திரமதியின் பேர் பள்ளிக்கூடத்தில் இருக்கும் என்று தலைவர் அங்கேயே அறிவித்தார்.

"யாரம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"சாகுல் மாமா."

அவரைப் பிடித்து இழுத்து மேடை ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

"சென்ற மாதம் இந்த மனிதர் நம் முறையைச் சந்தேகித்து வந்தார்! இன்று அந்த முறையை இவரே கையாண்டு வென்றிருக்கிறார். இவரைவிட நமக்கு என்ன சாட்சி வேண்டும்?" என்றார் தலைவர்.

சாகுல் ஹமீது ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. யோகம் டீச்சர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு கைதட்டினார். மெதுவாகத்தான் தட்டினார். ஆனால் தட்டினார்.

பூவம்மா நேராகக் கொட்டகை வாசலுக்குப் போய்விட்டாள், வியாபார நேரம். போகும்போது "பேர் தப்பிச்சுது பாய்" என்று மட்டும் சொன்னாள்.

சாகுல் ஹமீது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆடு தொங்கும் கடை, பூக்கடை, ஜோசியக்காரரின் கிளிக்கூண்டு எல்லாம் தாண்டி வந்தார்கள். ஒரு முடிதிருத்தும் கடை வந்தது. மேலே புதுப் பலகை. அதில் பெரிய கத்தரிக்கோல் படம், அதற்கடியில் தமிழில் இரண்டு வரி.

சந்திரமதி நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கத்தரிக்கோல்" என்றாள்.

சாகுல் ஹமீதும் நின்றார்.

"கீழ என்ன போட்டிருக்கு புள்ளே?"

அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"பார்க்கலாமா மாமா?"

சாகுல் ஹமீது ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். மன்றத்துக்காரர்கள் யாரும் வரவில்லை. பொன்னாடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாரு."

அவள் கிட்ட வந்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்வதுபோல் அவர் காதில் படித்தாள்.

"இங்கே... முடி... வெட்டப்-படும்."